கூழைக்கடாவுக்கு பிரெஞ்சு தெரியுமா?

போன மாதப் பதில்களில், என் மாலை நேர பிரெஞ்சு மேல்வகுப்புக்குத் தேரூர்க் குளத்தைப் பாடமாக வைத்திருக்கிறேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதமா! திட்டுகளைக் கழித்துவிட்டு மீதிக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: தேரூர்க் குளத்துக் கூழைக்கடாவுக்கு பிரெஞ்சு தெரியுமா வே? எதுக்கு இந்த வேலை?
(வாசகர், சுசீந்திரம்)

தமிழும் தெரியாது. அந்த வகையில் அது நடுநிலைப் பறவை.

விஷயத்துக்கு வருகிறேன். டெல்ஃப் பி2 என்று ஒரு தேர்வு. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 வாங்கினால் பாஸ். ஆனால் எதிலும் 5-க்குக் கீழே இறங்கக் கூடாது. எழுத்துத் தாளில் 250 சொல்லுக்குக் குறையாமல் வாதாட வேண்டும். உங்கள் ஊரில் இன்ன சுற்றுச்சூழல் பிரச்சினை, மேயருக்குக் கடிதம் எழுதுக என்பது அங்கே பழகிப்போன கேள்வி. பயிற்சிப் புத்தகத்து ஊரில் ஓர் ஆறு ஓடும். என் பிள்ளைகள் கண்ணால் கண்டிராத அந்த ஆற்றுக்காக உருகி உருகி எழுதினார்கள். "ஆற்றில் மீன்கள் குறைந்துவிட்டன." என்ன மீன்? "பல வகை மீன்." எதனால் குறைந்தது? "மனிதனின் பேராசையால்." இலக்கணம் சுத்தம், விஷயம் சைபர். 'பல வகை மீன்' வாங்கி எந்த வீட்டில் குழம்பு வைப்பது?

சரி, தேரூர்க் குளத்தைப் பற்றி எழுதுங்கள் என்றேன். அதே பிள்ளைகள், ஆகாயத்தாமரை எந்த மூலையில் அடைத்துக் கிடக்கிறது, மறுகால் பாய்ந்து எத்தனை மாதமாயிற்று, குளத்துக்குள் மண்ணடித்து ரோடு போடலாமா என்று ஒருவரோடொருவர் சண்டைக்கு நின்றார்கள். 'இதைச் செய்தே ஆக வேண்டும்' என்று அதட்ட பிரெஞ்சில் வினைச்சொல்லுக்குத் தனி வடிவம் உண்டு. ஆறு மாதமாக மண்டையில் ஏறாத அந்த வடிவம் அன்று ஒரே மாலையில் ஏறியது.

கேள்வி: மேயருக்கு அந்தக் கடிதத்தை அனுப்பினீர்களா?
(கல்லூரி மாணவர், வடசேரி)

உறை ஒட்டும் முன்பே ஒரு பெண் கை தூக்கினாள். "சார், நாகர்கோவில் மாநகராட்சி ஆனதே 2019-லதான். தேரூர் தனிப் பேரூராட்சி. நம்ம மேயருக்கு அங்க என்ன சோலி?" வகுப்பு அதிர்ந்தது. பிரெஞ்சுப் புத்தகத்தில் மேயர் என்றால் சர்வ ரோக நிவாரணி. இங்கே குளத்துத் தண்ணீருக்கு நீர்வளத் துறை, அதில் நிற்கும் பறவைக்கு வனத் துறை, கரையோர ரோட்டுக்கு நெடுஞ்சாலைத் துறை. மூன்று கடிதம் தேவைப்பட்டது. எழுத்துப் பயிற்சியும் மும்மடங்கு.

அதில் ஒரு சுவாரசியம். பிரான்ஸில் வனத் துறைக்குப் பல நூற்றாண்டுகளாக இருந்த பெயர் 'ஓ ஏ ஃபொரே'. அதாவது நீரும் காடும். காடு நல்ல நிலையில் நீடிக்கிற அளவுக்கே வெட்ட வேண்டும் என்று மன்னர் ஆறாம் பிலிப் 1346-ல் ஆணை போட்டபோதே இரண்டுக்கும் ஒரே அதிகாரிகள். மன்னருக்குப் பறவைமேல் பாசம் என்று நினைக்க வேண்டாம், கஜானாமேல் பாசம். இருந்தாலும் தண்ணீரையும் மரத்தையும் ஒரே கோப்பில் வைத்தார்களே!

கேள்வி: குளத்துக்கு பிரெஞ்சில் என்ன சொல்?
(ஆசிரியை, தக்கலை)

அகராதி 'எத்தான்' என்கிறது டீச்சர். பிரெஞ்சுக்காரனிடம் எத்தான் என்று சொல்லிப் பாருங்கள்: அசையாத தண்ணீர், இரண்டு வாத்து, தூண்டிலோடு ஒரு கிழவர் என்று அவன் மனதில் படம் விரியும். நம் குளத்துக்கு மடை வேண்டும், மறுகால் வேண்டும், கீழே வயல் வேண்டும், எனக்கு முந்தி உனக்குத் தண்ணியா என்ற தகராறும் வேண்டும். அது ஓர் ஏற்பாடு. சும்மா தேங்கிய தண்ணீர் அல்ல. மொழிபெயர்ப்புச் செயலியில் 'மறுகால்' என்று போட்டால் 'இன்னொரு கால்' என்று வருகிறது. கடைசியில் மடையை 'மடை' என்றே பிரெஞ்சு எழுத்தில் எழுதி, கீழே மூன்று வரி விளக்கம் வைத்தோம். கட்டுமரத்தை அவர்கள் 'கதாமரான்' என்று வாங்கிக்கொள்ளவில்லையா? மடையையும் வாங்கட்டும்.

இந்தக் குளம் அடங்கிய சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது, சுமார் 94 ஹெக்டேர். பிரெஞ்சில் ஈரநிலம் 'ஸோன் யுமீத்'. ஒரு மாணவர் இதைத் தமிழில் 'ஈரப்பதமான பகுதி' என்று திருப்பினார். அப்படியொரு பலகை வைத்தால் பார்க்கிறவன் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்றுதான் நினைப்பான்.

கேள்வி: கவிமணி பிறந்த ஊர்க் குளத்தை பிரெஞ்சுக்காரனுக்கு எழுதிக் கொடுக்கிறீரே, நியாயமா?
(தமிழன்பர், கோட்டாறு)

1876-ல் தேரூரில் பிறந்த அதே கவிமணி, பாரசீகத்து உமர் கய்யாமை நாஞ்சில் நாட்டுக்கு அழைத்து வந்தார். யாரும் பட்டா கேட்கவில்லை.

கேள்வி: என் மகன் கனடா போகத்தான் பிரெஞ்சு படிக்கிறான். அவனுக்கு எதற்குக் காட்டுக்கோழி பாடம்?
(தகப்பனார், மார்த்தாண்டம்)

ஏனென்றால் நம் காட்டுக்கோழி அவனுக்கு முன்பே பிரெஞ்சுப் பெயர் வாங்கிவிட்டது. கீரிப்பாறைப் பக்கம் காலையில் கூவுமே சாம்பல் நிறக் காட்டுக்கோழி, அதன் அறிவியல் பெயர் காலஸ் சொன்னெராட்டி. பிரெஞ்சில் 'கோக் த சொன்னரா'. லியோனில் பிறந்த பியேர் சொன்னரா 1774 முதல் 1781 வரை கிழக்கே சுற்றி, 1782-ல் தன் இந்தியப் பயண நூலில் இந்தப் பறவையை வருணித்தார். 1813-ல் டெமிங்க் என்பவர் அதற்கு அவர் பெயரையே வைத்தார். சேவலின் கழுத்து இறகில் மெழுகு சொட்டியதுபோல் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். ஐரோப்பாவில் சால்மன் மீன் பிடிக்கிற பொய் ஈக்குக் கட்டவென்று அந்த இறகு கப்பல் கப்பலாகப் போனது. வீட்டுக்கோழிக்கு மூதாதை இதுதான் என்று ஒரு காலத்தில் சிலர் நம்பினார்கள். இல்லை, அது செங்காட்டுக்கோழி என்று அறிவியல் முடிவு கட்டியது. 2008-ல் மரபணுவைப் பார்த்தால், வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு நம் சாம்பல் காட்டுக்கோழி வழியாக வந்தது. பாட்டன் இல்லை என்றார்கள், சம்பந்தி என்று தெரிந்தது.

உங்கள் மகனிடம் தேர்வாளர் உயிரினப் பாதுகாப்பு பற்றிக் கருத்துக் கேட்டால், மற்றவர்கள் எல்லாரும் பனிக்கரடியைச் சொல்வார்கள். இவன் சேவலைச் சொல்லட்டும். பனிக்கரடியைத்தான் அங்கே போய் நேரில் பார்க்கப் போகிறானே.

கேள்வி: பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்கிறார்களே?
(மாணவி, நாகர்கோவில்)

கொட்டும். கொட்டியது வடிந்துபோகவும் செய்யும்.

கேள்வி: 'உயிரினம்' என்பதற்கு பிரெஞ்சுச் சொல் ரொக்கப் பணத்தையும் குறிக்குமாமே? நம்பலாமா?
(வங்கி ஊழியர், குழித்துறை)

நம்பலாம். 'எஸ்பேஸ்' என்றால் உயிரினம். 'ஆன் எஸ்பேஸ்' கொடுத்தேன் என்றால் காசாகக் கொடுத்தேன் என்று பொருள். வனவிலங்கு கடத்துகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரெஞ்சு மொழி அதை ஒளிக்காமல் வைத்திருக்கிறது. என் மாணவர் ஒருவர், கடையில் செயலி வழியே பணம் கட்டுவதால் உயிரினங்கள் அழிகின்றன என்று ஒரு கட்டுரையில் நிரூபித்தார். ரொக்கம் மறைகிறது என்ற செய்தியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். வாதம் அவ்வளவு உறுதியாக இருந்ததால் பாதி மதிப்பெண் போட்டேன்.

கேள்வி: எங்கள் கரையில் கடலம்மா என்போம். பிரெஞ்சில் கடல் ஆணா பெண்ணா?
(மீனவர், மணக்குடி)

பெண்தான் அண்ணாச்சி. இன்னும் ஒரு படி மேலே. கடல் 'மேர்', அம்மாவும் 'மேர்'. எழுத்து வேறு, காதுக்கு ஒரே ஓசை. இதோடு நின்றால் பரவாயில்லை, மேயரும் 'மேர்'. முன்னால் வரும் ஆண்பால் பெண்பால் குறியை வைத்துத்தான் மேயரைப் பிரிக்க முடியும். 'எங்கள்' என்று ஆரம்பித்தால் அதுவும் கிடையாது. 'எங்கள் மேர் எங்களை மறக்கிறது' என்று சொல்வதெழுதுதல் கொடுத்தேன். உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் மேயர் என்று எழுதினார்கள். கடல் என்று எழுதியவள் ஒருத்திதான், உங்கள் ஊர்ப்பெண்.

கேள்வி: ஆமையைப் பற்றிப் பாடம் உண்டா?
(பள்ளி மாணவன், ராஜாக்கமங்கலம் துறை)

உண்டு தம்பி. உலகத்திலேயே பெரிய கடலாமைக்கு நம் கடற்கரையில் ஏழுவரி ஆமை என்று பெயர். ஓட்டில் செதில் இருக்காது, தோல்தான். அதில் நீளவாக்கில் ஏழு மேடு ஓடும். நம்மவர் எண்ணிப் பார்த்துப் பெயர் வைத்தார். பிரெஞ்சுக்காரர் அதே முதுகைப் பார்த்தார், நரம்பு கட்டிய ல்யூத் வாத்தியம்போல் தெரிந்தது, 'தொர்த்யூ ல்யூத்' என்று வைத்தார். ஒருவர் கணக்கு வாத்தியார், ஒருவர் பாட்டு வாத்தியார். ஆமைக்கு இரண்டும் பொருட்டில்லை. சொறிமீனைத் தின்பதற்குப் பதில் மிதக்கிற பிளாஸ்டிக் பையைத் தின்றுவிடாமல் இருந்தால் அதற்குப் போதும். கடைக்குப் போகும்போது பை கொண்டு போகிறாயா?

கேள்வி: நாங்கள் சுறா பிடித்தால் டாகுமென்டரி எடுத்து ஏசுகிறார்கள். வெள்ளைக்காரன் பிடித்தால்?
(ஆழ்கடல் மீனவர், தூத்தூர்)

பரிசு கொடுத்திருக்கிறார்கள். 1956-ல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய 'மௌன உலகம்' படத்தை எடுத்தவர்கள் ழாக் கூஸ்தோவும் லூயி மாலும். கடலுக்கடியில் அப்படியொரு ஒளிப்பதிவை அதற்குமுன் உலகம் பார்த்ததில்லை. அதே படத்தில் மீன்களைக் கணக்கெடுக்கவென்று பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். கப்பலின் சுழலியில் ஒரு திமிங்கலக் குட்டி அடிபடுகிறது. அதைத் தின்ன வந்த சுறாக்களைக் கப்பல் ஆட்கள் வெறிகொண்டு அடித்துக் கொல்கிறார்கள். குட்டியை அடித்தது இவர்கள் கப்பல், தண்டனை சுறாவுக்கு.

இந்தக் காட்சியை வகுப்பில் நிறுத்தி நிறுத்திப் போடுவேன். 'அப்படிச் செய்திருக்கக் கூடாது' என்று பழசைக் குறை சொல்லும் வினை வடிவத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பிள்ளைகள் ஆவேசமாகச் சொல்லி முடித்ததும், இந்தக் கூஸ்தோதான் பிற்காலத்தில் கடலைக் காப்பாற்ற உலகமெங்கும் குரல் கொடுத்தவர் என்பேன். சத்தம் அடங்கிவிடும். அப்போதுதான் நிஜமான பேச்சு தொடங்கும்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திமிங்கலச் சுறாவையும் வேறு சில இனங்களையும் 2001 முதல் சட்டம் காக்கிறது. சட்டம் காக்கிற இனங்கள் தவிர மற்றச் சுறாவைப் பிடிப்பது குற்றமல்ல. ஆனால் சுறா சாளையைப்போல் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதில்லை. வயதுக்கு வரவே வருடங்கள் ஆகும், ஈனுவதும் கொஞ்சம் குட்டி. உங்கள் அப்பா பிடித்த அளவும் நீங்கள் பிடிக்கிற அளவும் ஒன்றா என்பதை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. உம்ம பாடத்தில் எங்களுக்கு இடம் உண்டா?
(பெயர் வேண்டாம் என்றவர், ஆரல்வாய்மொழி)

உங்கள் ஊர் இல்லாமல் பாடமே இல்லை. புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், இந்தியத் தாவரப் போர்வையைப் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் வரைபடமாக்கப் புறப்பட்டது. 1961-ல் வந்த தாளுக்குப் பெயர் 'கேப் கமோரின்', நம் குமரிமுனையேதான். அந்த அளவில் பத்து கிலோமீட்டர் ஒரு சென்டிமீட்டராகச் சுருங்கும். ஆரல்வாய்மொழிக்கும் குலசேகரத்துக்கும் நடுவே தாளில் மூன்று சென்டிமீட்டர்தான். அந்த மூன்று சென்டிமீட்டருக்குள் உடைமரமும் முள்ளும் முடிந்து மழைக்காடு தொடங்கிவிடுகிறது. பிரான்ஸில் இப்படியொரு மாற்றம் பார்க்க எத்தனை மணிநேரம் ரயிலில் உட்கார வேண்டும்!

வரைந்தவர்களில் ஒருவர் துலூஸ் நகரத்துத் தாவரவியலாளர் ஹான்ரி கோசன். அவரும் பாஞ்ஞூல் என்பவரும் 1953-ல் சொன்ன ஒரு சின்னக் கணக்கு உண்டு. மாதச் சராசரி வெப்பத்தை இரண்டால் பெருக்கு. மழை அதைவிடக் குறைந்தால் அது உலர்ந்த மாதம். வெப்பம் 27 பாகை என்றால் 54 மில்லிமீட்டர். மழை அதற்குக் கீழே போனால் அந்த மாதம் வறட்சிக் கணக்கில் சேரும். என் வகுப்பில் ஆளுக்கு ஓர் ஊர் கொடுத்துப் பன்னிரண்டு மாதத்துக்குப் படம் போடச் சொன்னேன். பேச்சிப்பாறையைப் போட்டவள் பத்து நிமிடத்தில் பேனாவை மூடிவிட்டாள். உங்கள் ஊரைப் போட்டவன் வறண்ட மாதங்களுக்குக் கோடு போட்டுப் போட்டுக் கை வலிக்கிறது என்றான். பிரெஞ்சில்தான் சொன்னான், அதனால் மன்னித்தேன்.

கேள்வி: ரப்பர் தோட்டமும் பச்சைதானே? அதைக் காடு என்று சொன்னால் என்ன?
(தோட்ட உரிமையாளர், குலசேகரம்)

பட்டாளம் வரிசையில் நின்றால் அது கொடைவிழாக் கூட்டம் ஆகிவிடுமா?

கேள்வி: காட்டுப்பன்றியால் எங்கள் வாழை போயிற்று. விலங்குகளுக்கு வக்காலத்து வாங்கும் உங்கள் வகுப்பில் எங்களுக்கு ஒரு நாற்காலி உண்டா?
(விவசாயி, கீரிப்பாறை)

அந்த நாற்காலியில் உங்கள் ஊர்ப்பெண்ணே உட்கார்ந்திருக்கிறாள். பிரெஞ்சு மேல்வகுப்புகளில் சாகாவரம் பெற்ற விவாதம் ஓநாய். 1992-ல் இத்தாலியிலிருந்து ஓநாய்கள் தாமாகவே மெர்க்காந்தூர் மலைக்குள் திரும்பி வந்தன. பைரனீஸ் மலைக்கு 1996-ல் ஸ்லொவேனியாவிலிருந்து கரடிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நகரத்தார் கைதட்டினார்கள். ஆடு மேய்ப்பவர்கள் கொதித்தார்கள்.

என் வகுப்பில் பதினொரு பேர் ஓநாய்க் கட்சி. ஆட்டுக்காரர் பக்கம் பேச ஆளில்லை. இந்தப் பெண் எழுந்தாள். ஓநாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ராத்திரி ஒரு மணிக்குத் தகரம் தட்டுகிற சத்தம், டார்ச் வெளிச்சம், விடிந்து பார்த்தால் மரச்சீனி மூடு மூடாகத் தோண்டிக் கிடப்பது, அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் அப்பா. பிழை மலிந்த பிரெஞ்சு. பெண்பாலை ஆண்பாலாக்கினாள், நடந்ததை நடப்பதாக்கினாள். நான் ஒரு பிழையையும் திருத்தவில்லை. பதினொரு பேருக்கும் பதில் பேச வாய் வரவில்லை. கடைசியில் அவளே சொன்னாள், பன்றியைக் கொன்றால் தீராது, இழப்பீடு மூன்று மாதத்துக்குள் கையில் வர வேண்டும் என்று. மற்றவர்கள் 'சமநிலை' என்று முடிக்கும் இடத்தில் அவள் ஒரு தேதி கேட்டாள்.

காட்டுப்பன்றியை ஆசையாகத் தின்கிற ஒபெலிக்ஸ் ஒருவன் நம் மாவட்டத்தில் இருந்தால் பிரச்சினையே இல்லை என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான். ஆஸ்டெரிக்ஸ் படித்தவர்களுக்குப் புரியும்.

கேள்வி: மரம் நட்டுப் பாலையைச் சோலையாக்கிய பிரெஞ்சு இடையரின் கதையைப் படித்து அழுதேன். அவர் சமாதி எங்கே இருக்கிறது?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பத்மநாபபுரம்)

கதையை எழுதிய ழான் ஜியோனோவின் தலையில். அமெரிக்கப் பத்திரிகை ஒன்று, நீங்கள் சந்தித்த மறக்க முடியாத மனிதரைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டது. 1953-ல் எழுதிக் கொடுத்தார். விசாரித்தால் அப்படி ஓர் ஆளே கிடையாது. பத்திரிகை திருப்பிவிட்டது. இடையர் கற்பனைதான், மரத்தின்மேல் ஆசை வரவேண்டும் என்பதே நோக்கம் என்று 1957-ல் ஜியோனோ ஒரு வன அதிகாரிக்கு எழுதினார். ஐயா, அழுதது வீண் இல்லை. ஆனால் ஊன்றியது வேம்பா புன்னையா என்று பெயர் தெரியாமல் மரம் நடுவிழா நடத்துகிற நம் ஆட்களுக்கு, பிறக்காத அந்த இடையர் எவ்வளவோ மேல்.

கேள்வி: பிரெஞ்சுக்குத் தமிழ் ஏதாவது கொடுத்திருக்கிறதா? வாங்கிக்கொண்டே இருக்கிறோமா?
(தமிழாசிரியர், இரணியல்)

வெட்டிவேர் கொடுத்தோம். 'வெத்திவேர்' என்று பாரிஸ் வாசனைத் திரவியப் புட்டியில் இன்றும் ஒட்டியிருக்கிறது. விலையைப் பார்த்தால் வேரோடு ஆளும் ஆடிப்போவார்.

கேள்வி: வகுப்பை ஒருநாள் குளத்தங்கரைக்கே கூட்டிப்போனீர்களாமே. என்ன நடந்தது?
(வாசகி, தேரூர்)

பார்த்துவிட்டீர்களா? காலை ஆறரை மணி, பதின்மூன்று பேர், இரவல் பைனாகுலர் இரண்டு. திரும்பும்வரை பிரெஞ்சு மட்டுமே, தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம் என்று விதி. விளைவு, எல்லாரும் ஊமையாகிவிட்டார்கள். சத்தம் இல்லாததால் பறவைகள் கிட்டே வந்தன. என் ஆசிரிய வாழ்க்கையில் தற்செயலாகக் கண்டுபிடித்த சிறந்த கற்பித்தல் முறை அது.

மஞ்சள்மூக்கு நாரை ஒன்று பத்தடி தூரத்தில் நின்றது. அதற்கு பிரெஞ்சில் 'தான்தால் ஆன்தியன்', இந்திய டான்டலஸ். கிரேக்கக் கதையில் டான்டலஸ் கழுத்தளவு தண்ணீரில் நிற்பான். குடிக்கக் குனிந்தால் தண்ணீர் வற்றும், நிமிர்ந்தால் ஏறும். அதுதான் அவனுக்குச் சாபம். நாரைக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் தேரூர் கோடையைப் பார்த்ததில்லை, ஆனாலும் பொருந்துகிறது. பறவை அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வீசிக்கொண்டே நடந்தது. காலால் சேற்றைக் கிளறியது. கண்ணால் தேடவில்லை, மீன் அலகில் பட வேண்டும், பட்டால் மூடும். ஐந்து நிமிடம் ஒன்றும் படவில்லை. பதின்மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. டப்பென்று மூடியது. வெள்ளியாக ஒன்று துள்ளியது.

"லே, பாருலே! புடிச்சிட்டு!" என்று ஒருவன் அலறினான். நாரை, அரிவாள்மூக்கன், கூழைக்கடா எல்லாம் மொத்தமாக எழும்பிப் போயின. அவன் தலையைக் குனிந்துகொண்டு பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து நீட்டினான். ஆன் எஸ்பேஸ்.